என்னையே பார்க்கிறார்

உங்கள் தெருமுனையில் நிற்கும் சிலையின் முதுகை எப்போதாவது பார்த்திருக்கிறீர்களா? பொய் சொல்லாதீர்கள். முகத்தைப் பார்த்திருப்பீர்கள். உயர்த்திய கையைப் பார்த்திருப்பீர்கள். பீடத்தில் பொறித்த பெயர்களில் தெரிந்தவர் யாராவது இருக்கிறாரா என்று தேடியிருப்பீர்கள். பின்பக்கம் போய்ப் பார்க்க யாருக்கும் தோன்றுவதில்லை. அதை நம்பித்தான் ஒரு தொழிலே நடக்கிறது. அந்தத் தொழிலில் இருபத்தாறு வருடம் கிடந்த ஒருத்தியின் கதை இது.

அவளை எல்லோரும் அச்சுக்காரி என்றே கூப்பிட்டார்கள். பத்தொன்பது வயதில் கழிவறைத் தொட்டி செய்யும் கம்பெனியில் சேர்ந்தாள். கண்ணாடி இழையை வெட்டி அச்சுக்குள் பரப்பி, மேலே பிசினைப் பூசி, காற்றுக் குமிழ் நிற்காமல் உருளையால் தேய்க்கிற வேலை. ஐந்து வருடத்தில் கம்பெனி இழுத்து மூடப்பட்டது. பஸ் டெப்போவுக்குப் பின்னால் ஒரு சிலைப் பட்டறையில் ஆள் தேவை என்றார்கள். போய்ப் பார்த்தாள். அதே இழை, அதே பிசின், கண்ணை எரிக்கும் அதே நாற்றம். தொட்டிக்குப் பதிலாகத் தலைவர்கள்.

"வேலை ஒண்ணுதாம்மா. அங்க உட்காருவாங்க, இங்க நிப்பாங்க. அவ்வளவுதான்," என்றார் முதலாளி.

சேர்ந்த முதல் மாதமே அவளுக்கு விஷயம் புரிந்துவிட்டது. பட்டறையில் இருந்தது மூன்றே மூன்று உடம்புகள். ஒன்று கையைத் தூக்கி வழி காட்டும். ஒன்று மார்போடு புத்தகம் அணைத்திருக்கும். ஒன்று எங்கேயோ அவசரமாக நடக்கும். எந்தக் கட்சியானாலும், எந்தக் கொள்கையானாலும், எப்பேர்ப்பட்ட தியாகியானாலும் இந்த மூன்றில் ஒன்றின்மேல்தான் வந்து உட்கார்ந்தாக வேண்டும். தலை மட்டும் தனி. கழுத்தில் நான்கு போல்ட்டு.

ஒரு தலைவர் கட்சி மாறியபோது, பழைய கட்சிக்காரர்கள் சிலையைத் தூக்கிக்கொண்டு வந்து தலையை மாற்றித் தரச் சொன்னார்கள். அச்சுக்காரி கழற்றிய தலையைக் குப்பையில் போடப் போனாள். முதலாளி பதறினார். "ஏம்மா, அதை பிளாஸ்டிக் கவர்ல சுத்தி வை. திரும்பி வந்தாலும் வருவாரு." பதினோராம் மாதம் வந்துவிட்டார். அதே நான்கு போல்ட்டு.

இதையெல்லாம் பார்த்துப் பார்த்து அவளுக்கு ஒரு கர்வம் வந்திருந்தது. ஓட்டுப் போடுவதில்லை. தேர்தல் நாளன்று கதவைச் சாத்திக்கொண்டு துணி துவைப்பாள். "இவனுங்க உள்ளே என்ன இருக்குன்னு எனக்குத் தெரியும். நானே ஊத்துறேன்ல?" என்பாள்.

வீட்டில் அவளும் அக்காவும்தான். இரண்டு அறை. ஜவுளிக்கடையில் முப்பது வருடம் நின்றே துணி விரித்துக் காட்டியவள் அக்கா. நான்கு வருடத்துக்கு முன்னால் சிறுநீரகம் இரண்டும் கைவிட்டுவிட்டன. வாரத்துக்கு மூன்று நாள் ரத்தத்தைச் சுத்தம் செய்தாக வேண்டும். அதற்காக இடது கை ரத்தக் குழாயைப் பெரிதாக்கி வைத்திருந்தார்கள். தோலுக்கடியில் கயிறு மாதிரி புடைத்துக்கொண்டு, தொட்டால் விர்ரென்று அதிரும். போக இரண்டு பஸ், இயந்திரத்தோடு நான்கு மணி நேரம், திரும்ப இரண்டு பஸ். கடைசி பஸ்ஸில் பெரும்பாலும் வாந்தி. கையில் எப்போதும் ஒரு பை வைத்திருப்பாள்.

இத்தனைக்கும் அவர்கள் வாசலிலிருந்து முன்னூற்றுப் பத்து அடி வைத்தால் ஒரு மருத்துவமனை. அடி எண்ணியது அக்காதான். கட்டி முடித்து ஒன்பது வருடம். ஜன்னல் கண்ணாடியில் முகத்தை ஒட்டிப் பார்த்தால் பிளாஸ்டிக் சுற்றிய ஆறு நாற்காலிகள் தெரியும். ஒவ்வொன்றுக்கும் பின்னால் சுவரில் பளபளவென்று ஒரு தண்ணீர்க் குழாய். 'சிறுநீரகப் பிரிவு' என்று பலகை. வாசலில் பூட்டு. தேர்தலுக்குத் தேர்தல் வண்ணம் மட்டும் புதிதாக அடிப்பார்கள். முதலில் மஞ்சள், அப்புறம் நீலம், இப்போது வெள்ளை.

கட்டியவர் அந்தத் தொகுதிச் சட்டமன்ற உறுப்பினர். இரண்டு முறை ஜெயித்தவர், மூன்றாவது முறை நிற்கிறவர். எங்கே போனாலும் கையாட்டிக்கொண்டே போவதால் அச்சுக்காரி அவருக்கு வைத்த பெயர் கையாட்டி. இரண்டு முறையும் அக்கா அவருக்குத்தான் ஓட்டுப் போட்டாள்.

"ஏன்க்கா? எதுக்கு?"

"அவன் என்னைப் பார்த்தான்டி."

இதுதான் காரணம். பத்து வருடத்துக்கு முன்னால் ஓட்டுக் கேட்டு ஜீப்பில் வந்தபோது, அத்தனை கூட்டத்தில், நேராக அவளைப் பார்த்துக் கையாட்டினானாம்.

"அவன் மூணு தெருவுக்கும் சேர்த்து ஆட்டினான்க்கா."

"உனக்கென்னடி தெரியும், நீ உள்ள துணி துவைச்சுக்கிட்டு இருந்தே. முப்பது வருஷம் கடையில நின்னேன், துணியைப் பார்த்தாங்க, விலையைப் பார்த்தாங்க. என் மூஞ்சியை ஒருத்தன் பார்க்கலை. அவன் பார்த்தான்." அதற்குமேல் பேச மாட்டாள். இல்லாவிட்டால் கடைசி அம்பை எடுப்பாள். "போட்டு ஏமாந்த நானும், போடாம ஏமாந்த நீயும் ஒரே பஸ்லதானே போறோம்? ரொம்பப் பேசாதே."

தேர்தலுக்கு ஆறு வாரம் இருக்கும்போது பட்டறைக்கு, மைக் என்று ஊரே கூப்பிடும் ஆள் வந்தார். உறுப்பினரின் எல்லாக் கூட்டத்துக்கும் அறிவிப்பாளர் அவர். டீ கேட்டால்கூடத் தெருவே திரும்பிப் பார்க்கும்.

"மார்பளவுச் சிலை வேணும். முகம் ஆளுயரத்துல இருக்கணும். ஜனங்க பக்கத்துல நின்னு போட்டோ எடுத்துக்கணும். ஆஸ்பத்திரி முன்வாசல்ல வைக்கிறோம்."

அச்சுக்காரி உருளையைக் கீழே வைத்தாள். "ஆஸ்பத்திரி எப்ப சார் திறப்பீங்க?"

"முதல்ல சிலையைத் திறப்போம்மா. ஒவ்வொண்ணா."

"சாவி யார்கிட்ட சார் இருக்கு?"

"எந்தச் சாவி?"

முதலாளி நடுவில் புகுந்து அளவு கேட்டுப் பேச்சை மாற்றினார்.

முகத்துக்கு அளவெடுக்க உறுப்பினரே வந்தார். நீளப் பலகையில் மல்லாக்கப் படுக்க வைத்தார்கள். பல் மருத்துவர்கள் பல்லுக்கு அச்சு எடுக்கிற அதே மாவைக் கரைத்து முகம் முழுக்க அப்பினாள். மூக்குத் துவாரம் இரண்டு மட்டும் பாக்கி. மேலே பிளாஸ்டர் துணி. இறுகி முடிக்க இருபது நிமிடம். அதுவரை வாயைத் திறக்கக் கூடாது, கன்னம் அசையக் கூடாது. எதுவானாலும் விரலால்தான் சொல்ல வேண்டும். அந்த மனிதர் பொதுவாழ்வுக்கு வந்ததிலிருந்து அத்தனை நேரம் மௌனமாக இருந்தது அன்றைக்குத்தான். இப்படியொரு வாய்ப்பு எத்தனை குடிமக்களுக்குக் கிடைக்கும்?

"சார், மூச்சு விட முடியுதா?"

கட்டைவிரல் உயர்ந்தது.

"நான் அந்த ஆஸ்பத்திரித் தெருதான் சார். எங்க அக்காவுக்கு ரெண்டு கிட்னியும் இல்லை. வாரத்துக்குப் பன்னெண்டு பஸ். தெரியுமா சார்?"

கட்டைவிரல்.

"ஒன்பது வருஷமா அது பூட்டியே கிடக்கு."

கட்டைவிரல்.

"இந்த வருஷம் திறந்துடுவீங்களா?"

இரண்டு கட்டைவிரல்களும் உயர்ந்தன.

"சாவி யார்கிட்ட சார்?"

கட்டைவிரல்கள் அப்படியே நின்றன. கதவோரம் நின்ற மைக் "போதும்மா" என்றார். மாவு இன்னும் ஈரமாக இருந்தது. இரண்டு விரலை எடுத்து அந்த இரண்டு துவாரத்தை... என்று ஒரு கணம் நினைத்தாள். நினைத்ததற்கு அவள் ஒருபோதும் வெட்கப்படவில்லை. செய்யாமல் விட்டதற்கும்.

அந்த முக அளவை வைத்துக் களிமண்ணில் தலை பிடித்து, அதன்மேல் முன்பாதி, பின்பாதி என்று இரண்டு துண்டாக அச்சு எடுத்தாள். முன்பாதியைச் சுவரில் சாய்த்து வைத்திருந்தாள். அச்சு என்றால் உங்களுக்குத் தெரியும், எல்லாம் தலைகீழ். மூக்கு இருக்க வேண்டிய இடத்தில் பள்ளம், கண்ணுக்குப் பள்ளம், முகமே ஒரு கிண்ணம்.

அன்று மத்தியானம் அக்கா தூரத்து ஆஸ்பத்திரியிலிருந்து திரும்புகிற வழியில் பட்டறையில் இறங்கினாள். மயக்கமாக வந்ததாம், வீடு வரை தாங்காது என்று. தண்ணீரையும் அளந்துதான் குடிக்க வேண்டும். அரை டம்ளர் குடித்துவிட்டு நிமிர்ந்தவள் அப்படியே நின்றாள்.

"ஏய், இங்க பாருடி. என்னையே பார்க்கிறான்."

"யாருக்கா?"

"அவன்தான். சுவத்துல." அக்கா இடது பக்கம் நாலடி நடந்தாள். "பாரு, திரும்புறான்." வலது பக்கம் நடந்தாள். "இங்கேயும் திரும்புறான். நான் சொன்னப்போ நம்பலையே நீ!"

அச்சுக்காரிக்கு இது இருபத்தாறு வருடப் பழக்கம். குழிந்த முகத்தைப் பத்தடி தள்ளி நின்று பார்த்தால் குழி தெரியாது. நம் மூளை முகம் என்றால் புடைத்துத்தான் இருக்கும் என்று அடம்பிடிக்கும். புடைத்த முகமாகவே காட்டும். அதுமட்டுமில்லை, நாம் நகர்ந்தால் அதுவும் கூடவே திரும்புவதுபோல இருக்கும். நிஜ முகத்துக்கு அந்த வித்தை கிடையாது. நிஜ முகம் ஒரு பக்கம்தான் பார்க்கும். எந்தப் பக்கம் போனாலும் உங்களையே பார்க்க வேண்டுமென்றால் அது காலியாக இருக்க வேண்டும்.

"அது முகமில்லைக்கா. அச்சு. குழி."

"குழியாவது! மூக்கு இதோ தூக்கிக்கிட்டு நிக்குது."

"அப்ப போய் மூக்கைப் பிடி."

அக்கா போனாள். ஊசி குத்திய கட்டு இன்னும் பிரிக்காத இடது கையை நீட்டினாள். மூக்கு இருந்த இடத்தில் மூக்கு இல்லை. விரல் போனது, உள்ளங்கை போனது, மணிக்கட்டுவரை போய்க் குழியின் அடியைத் தொட்டது. கையை வெளியே எடுத்தாள். மறுபடி விட்டாள். அப்புறம் மரப்பெஞ்சில் வந்து உட்கார்ந்தாள்.

தங்கை பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். கேலி செய்ய வாய் வரவில்லை.

"பத்து வருஷம்டி," என்றாள் அக்கா. குரல் ஒரு மாதிரி தட்டையாக இருந்தது. "அவன் ஏமாத்தினான், சரி. நானும்ல கூடச் சேர்ந்து என்னை ஏமாத்தியிருக்கேன்." கொஞ்சம் கழித்து, "திறப்பு விழாவுக்குச் சிலையை யாரு கொண்டுபோய் மாட்டுறது?"

"நான்தான்."

"அப்ப இதையே மாட்டு."

"வேலை போயிடும்க்கா."

"போகும்," என்றாள் அக்கா. "எனக்கு எது போயிடும்னு தினம் கணக்குப் பார்க்கிறேன். நீ ஒரு நாள் பாரு."

மாட்டினாள். மார்பளவு உடம்பின் கழுத்தில் முழுத் தலைக்குப் பதிலாக முன்பாதி அச்சை, குழி வெளியே தெரியும்படி வைத்து நான்கு போல்ட்டை முறுக்கினாள். உள்பக்கம் முழுக்க வெண்கல வண்ணம் பூசினாள். திறப்பு விழாவன்று காலையில் எட்டு மணிக்குத் துணி போட்டு மூடினாள். பீடத்தைச் சுற்றிப் பத்தடி தள்ளி நாடா கட்டினாள். நல்ல தலை பட்டறையில் சாக்குக்கடியில் கிடந்தது.

அவள் எதிர்பார்த்தது என்ன? துணி விலகும், ஜனங்கள் குழியைப் பார்ப்பார்கள், சிரிப்பார்கள், ஆத்திரப்படுவார்கள். இருபத்தாறு வருடம் சிலை செய்தவளுக்கு ஜனங்களைத் தெரியவில்லை என்பது அன்றைக்குத் தெரிந்தது.

பத்து மணிக்கு உறுப்பினர் கயிற்றை இழுத்தார். அவர் சிலையைப் பார்க்கவே இல்லை, கேமராவைப் பார்த்தார். துணி விழுந்தது. கைதட்டல் எழுந்தது.

"உயிரோட இருக்கிற மாதிரியே இருக்கே!"

"கண்ணைப் பாரு, கண்ணை! நேரா என்னைத்தான் பார்க்கிறாரு," என்றார் சலூன்காரர். கடைக் கண்ணாடிக்கு மேலே உறுப்பினர் படம் மாட்டி வைத்திருக்கிறவர்.

"உன்னை எங்கய்யா பார்க்கிறாரு? என்னைப் பார்க்கிறாரு," என்றாள் தையல்காரம்மா.

"இடம் மாத்தி நின்னு பாரும்மா. இங்கேயும் என்னைத்தான்!"

இரண்டு பேரும் இடம் மாறி நின்று சண்டை போட்டார்கள். கூட்டம் முழுக்க இப்படியும் அப்படியுமாக நடந்து, தலைவர் தன்னையே பார்ப்பதை உறுதி செய்துகொண்டது. ஐந்நூறு பேர். ஐந்நூறு பேருக்கும் தனித்தனியாக அவர் சொந்தம். மைக் ஒலிபெருக்கியில் முழங்கினார்: "எங்கு நின்றாலும் உங்களை மறவாத கண்கள்!"

அச்சுக்காரிக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. இந்த மனிதன்மேல் வந்த கோபத்தைவிட இந்தக் கைதட்டல்மேல் வந்த கோபம் பெரிது. பின்னால் ஒன்பது வருடமாகப் பூட்டிக் கிடக்கிற ஆஸ்பத்திரி. அதற்கு முதுகைக் காட்டிக்கொண்டிருக்கிற காலி மண்டை. இவர்கள் தட்டுகிறார்கள்! 'போங்க, நாசமாப் போங்க' என்று கத்தப் போனாள். அதற்குள் அக்கா நாடாவுக்கு அடியில் குனிந்து உள்ளே நுழைந்துவிட்டாள்.

"அம்மா, போட்டோ அப்புறம்," என்றார் மைக்.

அக்கா நிற்கவில்லை. கட்டுப் போட்ட இடது கையை உயர்த்தி, நேராகத் தலைவரின் முகத்துக்குள் விட்டாள். மணிக்கட்டுவரை.

கைதட்டல் ஒரு ஓரத்திலிருந்து அடங்கிக்கொண்டே வந்தது. யாரோ ஒருத்தர் களுக்கென்று சிரித்தார். தையல்காரம்மா நாடாவைத் தாண்டி வந்தாள். "தள்ளு, நானும் பார்க்கிறேன்," என்று கையை விட்டாள். "அட கர்மமே! உள்ள ஒண்ணுமே இல்லை." அடுத்து ஒருவர், அவருக்குப் பின்னால் ஒருவர். வரிசை சேர்ந்துவிட்டது. ஓட்டுச்சாவடியில்கூட அத்தனை ஒழுங்காக நின்றதில்லை.

"இது குழி. சரி," என்றாள் அக்கா. அவளுக்கு ஒலிபெருக்கி தேவைப்படவில்லை. முப்பது வருடம் கடையில் கூவியவள். "பின்னாடி இருக்கிறது என்ன? சாவி யார்கிட்ட இருக்கு?"

உறுப்பினர் மைக்கைப் பார்த்தார். மைக், ஆஸ்பத்திரியைக் கட்டிக் கொடுத்த ஒப்பந்தக்காரரைப் பார்த்தார். ஒப்பந்தக்காரர் தரையைப் பார்த்தார். சாவி யாரிடமும் இல்லை. எப்போது இருந்தது என்றும் யாருக்கும் தெரியவில்லை. உறுப்பினர் பழக்க தோஷத்தில் கூட்டத்தைப் பார்த்துக் கையாட்டினார். ஆட்டிக்கொண்டே காரில் ஏறினார்.

பூட்டை உடைத்தது சலூன்காரர்தான். வரிசையில் கடைசியாகக் கையை விட்டவர், முகத்தில் ஈயாடாமல் கடைக்குப் போய், ஷட்டர் தூக்குகிற கம்பியோடு வந்தார். துருப்பிடித்த பூட்டு, இரண்டே அடியில் விழுந்தது. அக்கா ஆறு நாற்காலிகளையும் தாண்டிப் போய், ஒன்பது வருடமாக ஜன்னல் வழியே பார்த்த குழாயைத் திருகினாள். குழாய் கழன்று கையோடு வந்துவிட்டது. பின்னால் வெறும் சுண்ணாம்புப் பூச்சு. சுவருக்குள் தண்ணீர்க் குழாய் போடவே இல்லை. ஆறும் அப்படித்தான். ஜன்னலிலிருந்து தெரிகிற அளவுக்கு மட்டும் கட்டிய மருத்துவமனை.

அதற்கப்புறம் நடந்ததைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். அத்துமீறி நுழைந்ததாக ஐந்து பேர்மேல் வழக்கு. தண்ணீரே இல்லாத சுவரில் குழாய் பதித்தவர்மேல் வழக்கு இல்லை. முதலாளி அச்சுக்காரியைக் கூப்பிட்டு, "எனக்கு உன்மேல கோபமில்லைம்மா, நாளையிலிருந்து வராதே," என்றார். தேர்தல் வந்தது. அச்சுக்காரி முதல்முறையாகத் துணி துவைக்காமல் ஓட்டுப் போடப் போனாள். உறுப்பினர் ஜெயித்தார். ஆமாம், மறுபடியும் ஜெயித்தார். மற்ற தெருக்காரர்கள் யாரும் முகத்துக்குள் கை விட்டுப் பார்க்கவில்லையே. ஆனால் எட்டாயிரம் ஓட்டு வித்தியாசம் அறுநூறு ஆகிவிட்டது. அந்த அறுநூறு பயத்தில் தெருமுனையிலிருந்து ஆஸ்பத்திரிக்குக் குழாய்ப் பள்ளம் தோண்ட ஆரம்பித்தார்கள். நாற்பதடியில் நின்றுபோயிருக்கிறது.

அச்சுக்காரி மறுபடி, வேறொரு கம்பெனிக்கு, கழிவறைத் தொட்டி செய்யப் போகிறாள். "தொட்டி தன்னைத் தொட்டின்னுதான் சொல்லிக்குது. அந்த மட்டுக்கும் யோக்கியம்," என்கிறாள். அக்காவுக்கு இன்னும் வாரத்துக்குப் பன்னிரண்டு பஸ்தான், உடம்பு எத்தனை நாள் தாங்கும் என்று தெரியாது. பஸ் இல்லாத நாட்களில் பள்ளத்துக்குப் போய் அடி எண்ணுகிறாள். கழன்று வந்த அந்தக் குழாயைப் பையில் வைத்திருக்கிறாள். எந்தக் கூட்டம் நடந்தாலும் தங்கையும் தையல்காரம்மாவும் சலூன்காரரும் கூட வர, போய் மேடையில் அதை டக்கென்று வைத்து, "இதுல எப்ப தண்ணி வரும்?" என்று கேட்கிறாள். அங்கேயே உட்கார்ந்துவிடுகிறாள், பதில் வரும்வரை எழுந்திருப்பதில்லை.

நீங்கள் இதைப் படித்துவிட்டு அடடா என்று சொல்லி மூடி வைத்தால் அது இன்னொரு கைதட்டல். வேண்டாம். உங்கள் தெருவிலும் பூட்டிக் கிடக்கிற கட்டடம் ஒன்று இருக்கும். நாளைக்குக் காலையில் அங்கே போங்கள். தனியாகப் போகாதீர்கள், பக்கத்து வீட்டாரையும் கூட்டிக்கொள்ளுங்கள். சாவி யாரிடம் இருக்கிறது என்று கேளுங்கள். உள்ளே விட்டால், முதல் வேலையாகக் குழாயைத் திருகிப் பாருங்கள்.